லைஃப் ஜாக்கெட்டில் ஒரு கல்யாண விருந்து

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சித்தூரில் இருபது வருஷமாக மருந்துக்கடையில் நின்றுகொண்டே இருப்பவனைக் கடற்கரைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தால், அவன் ஏதாவது விபரீதம் செய்துதான் தீருவான். நான் செய்தேன்.

போன வருஷம் தாய்லாந்து போனோம். நான், மனைவி சுமதி, கல்லூரியில் படிக்கும் மகள் கீர்த்தனா, பங்காருபாளையத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் அப்பா, அதாவது நைனா. கடலோர ரிசார்ட்டில் ஐந்து நாள் ஓய்வு என்று ஏற்பாடு. நைனா முதல் நாளே அங்கிருந்த தென்னைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ காய் இருக்குது, பறிக்க ஆளில்லியே" என்று வருத்தப்பட்டார். ரொட்டியும் பழமும் தவிர எதையும் தொடவில்லை. (சோறும் இருந்தது. அதில் இறால் வாசம் வந்தது. நைனா சுத்த சைவம்.)

மூன்றாம் நாள் காலை, கரையில் இரண்டு பேர் உட்காரும் துடுப்புப் படகைப் பார்த்தேன்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?" என்றாள் சுமதி.

"எங்க ஊரு ஏரில நீந்துனவன் நானு!"

(அந்த ஏரியில் முழங்கால் அளவு தண்ணீர். நீந்தியவை எருமைகள். நான் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.)

வேட்டிக்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நைனா முன்னால் உட்கார்ந்தார். முதல் பத்து நிமிஷம் ராஜா மாதிரி போனோம். கரையில் நின்ற மகளுக்குக் கையெல்லாம் ஆட்டினேன். திரும்பலாம் என்று துடுப்புப் போட்டபோதுதான் படகு வட்டமடிக்க ஆரம்பித்தது.

"இன்னாடா சுத்திகினே இருக்கிற? இது இன்னா செக்கா?"

"தண்ணி இழுக்குது நைனா."

"கரை அந்தாண்ட போய்க்கினு இருக்குதுடா!"

உள்ளங்கை கொப்பளித்தது. சுமதி ஒரு புள்ளியாகி, பிறகு அந்தப் புள்ளியும் காணாமல் போயிற்று. நைனா கண்ணை மூடிக்கொண்டு, "வெங்கடேசா, கரை சேத்துடு. திருப்பதிக்கு வந்து இவனுக்கு மொட்டை போடறேன்" என்று வேண்டிக்கொண்டார். (தன் தலையைப் பற்றிப் பேச்சே இல்லை.)

நீரோட்டம் எங்களை ஒரு பாறையைச் சுற்றி இழுத்துப்போய், வேறொரு ரிசார்ட்டின் மணலில் தள்ளியது. நாதஸ்வரம் கேட்டது. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்றே நினைத்தேன். எதிரே வாழைமரம் கட்டிய பந்தல், பட்டுப்புடவைகள். நெல்லூர்க்காரர்கள் வீட்டுக் கல்யாணம். நடுவே கிளிப் படம் போட்ட அரைக்கால்சட்டையில் நான், துடுப்போடு நைனா.

பன்னீர்ச் சொம்பு வைத்திருந்த அம்மாள் சிரித்தபடி, "மீரு ஏ வைபு?" என்றார். பெண் வீட்டுப் பக்கமா, மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா என்று கேட்கிறார். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்று கேட்பதாக நினைத்த நைனா, துடுப்பால் பின்னால் காட்டி, "சமுத்ரம் வைபு" என்றார்.

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் பன்னீர் முழுக்க என் மேல் கொட்டியது. நடந்ததைச் சொன்னதும் பதறிப்போய், உங்கள் ரிசார்ட்டுக்கு போன் செய்கிறோம், பெயர் என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. வாயில் நுழையாத பெயர் என்று மூன்று நாளாகக் கிண்டல் செய்ததோடு சரி. அவர்கள் பக்கத்து ரிசார்ட்டுகளை ஒவ்வொன்றாக விசாரிப்பதற்குள் நைனா பந்தியில் உட்கார்ந்துவிட்டார்.

"மொதல்ல துன்னலாம் வாடா. சோறுடா! பப்புடா!" (பப்பு என்றால் பருப்பு.)

இரண்டாவது தடவை பாயசம் வந்தபோது மோட்டார் படகும் வந்தது. அழுது வீங்கிய முகத்தோடு சுமதி இறங்கினாள். பின்னாலேயே கீர்த்தனா. என் வாயில் அப்பளம் இருந்தது.

"நான் அங்க கடலைப் பாத்து அழுதுகினு இருக்கறேன், நீ இங்க பாயசம் துன்னுகினு இருக்கிறியா?"

கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீங்க' என்றே கூப்பிட்டவள். அன்றைக்கு 'நீ'க்கு இறங்கியவள் இன்றுவரை ஏறவில்லை.

பன்னீர் அம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் இலை முன்னால் உட்காரவைத்தார். முதல் வாய்ச் சோறு உள்ளே போனதும் மறுபடி அழுதாள். நைனா தன் அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தார்.

போன மாதம் புத்தூரில் சுமதியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். நாங்கள் பெண் வீட்டில் முக்கியப்பட்டவர்கள். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற ஒருவர், "பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டே சுமதி சொன்னாள்:

"நாங்க சமுத்ரம் வைபு."