டிரம்மின் இடுப்பு

முதலில் தப்பு செய்தவன் மச்சினன். இதைத் தையல்காரர் யார் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். சட்டை வாங்க வந்தவர்கள் சட்டையோடு இந்த வழக்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் படி இறங்க வேண்டும்.

வழக்கு இதுதான். கூல்டிரிங்ஸ் கடை வைத்திருந்த மச்சினன், கடைக்குப் புது ஃபிரிட்ஜ் வாங்கியபோது பழையதை அக்காவுக்கென்று தூக்கி வந்தான். கடை ஃபிரிட்ஜ் என்றால் சும்மா இல்லை, உள்ளே ஆள் நின்றுகொண்டே தூங்கலாம். தையல்கடை ஷட்டர் வழியாக உள்ளே வந்தது. கடைக்கும் பின்னாலிருந்த கூடத்துக்கும் நடுவே கதவு இல்லாததால் கூடத்துக்கும் வந்துவிட்டது. சமையலறை வாசலில் போய் முட்டி நின்றது. வாசல் அகலம் முப்பது இஞ்ச். ஃபிரிட்ஜை எந்தப் பக்கம் திருப்பினாலும் முப்பத்திரண்டுக்குக் குறையவில்லை.

அளக்காமல் ஒரு பொருளைத் தூக்கி வருவார்களா என்று தையல்காரர் கேட்டார். மச்சினன் வாசலை மேலும் கீழுமாகப் பார்த்தான்.

"ஃபிரிட்ஜ் அளவு சரிதான் அத்தான். உங்க வாசல்தான் குட்டி."

சுமை தூக்கி வந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு தையல்காரனிடம், அவன் வீட்டுக்குள்ளேயே வந்து, அளவு தப்பு என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே அவர் முடிவு கட்டிவிட்டார். மச்சினன் வந்து "என் அளவுதான் தப்பு அத்தான்" என்று சொல்லும்வரை அந்த வாசலில் ஒரு செங்கல் அசையாது.

மச்சினன் சொல்லவில்லை. செங்கல்லும் அசையவில்லை. ஃபிரிட்ஜ் கூடத்திலேயே குடித்தனம் நடத்தியது. அடுப்பில் இருக்கும் மனைவி பாலுக்கு ஒரு நடை, தயிருக்கு ஒரு நடை, எடுத்ததைத் திருப்பி வைக்க இன்னொரு நடை என்று நடந்துகொண்டே இருந்தாள். வாசலை இடித்தால் என்ன என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவர் தையல் மெஷினை வேகமாக மிதிப்பார். வருஷங்கள் போயின. அவள் கேட்பதை விட்டுவிட்டாள். முழங்கால் வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள், அதையும் அவரிடம் சொல்லவில்லை, ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அது அவர் காதில் விழாமல் இல்லை. அதற்காகத்தான் அவளையும் கூட்டிக்கொண்டு தண்ணீர் டிரம் வாங்கக் கிளம்பினார். கொல்லைக் குழாயிலிருந்து அவள் தண்ணீர் சுமக்க வேண்டாம். ஒரு பெரிய டிரம் சமையலறைக்குள் இருந்தால், காலையில் அவரே ஊற்றி நிரப்பிவிடுவார். ஃபிரிட்ஜ் விஷயத்தில் இறங்கி வராமலே முழங்காலைச் சமாளித்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

பாத்திரக்கடையில் நீல டிரம் ஒன்று அவருக்குப் பிடித்துப்போனது. இருநூறு லிட்டர் என்றார் கடைக்காரர். நம் வாளிக்கு எத்தனை வரும் என்று மனைவி கேட்டாள். பத்து லிட்டர் வாளி, இருபது வாளி என்று தையல்காரர் உடனே சொன்னார். தரை தாங்குமா, நிரம்பினால் எடை எவ்வளவு என்று அடுத்தது கேட்டாள்.

"லிட்டருக்கு ஒரு கிலோ. இருநூறு கிலோ. உன் தம்பி ரெண்டு பேர் நின்னா எவ்வளவோ அவ்வளவு."

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவருக்கு அன்று நாக்கில் சரஸ்வதி உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து போகுமுன் அகலத்தையும் முடித்துவிடலாம் என்று தோளில் கிடந்த டேப்பை உருவினார். வாழ்நாள் முழுவதும் இடுப்பளவு எடுத்த கை. டிரம்மைக் கட்டிப்பிடித்தது போல் டேப்பைச் சுற்றினார். எழுபத்திரண்டு. இடுப்பென்றால் துணியில் பாதி முன்பக்கம், பாதி பின்பக்கம். ஆகவே முன்பக்கம் முப்பத்தாறு. டிரம்மின் அகலம் முப்பத்தாறு இஞ்ச்.

மனைவி டிரம்மின் வாய் மேல் முழங்கையை வைத்து விரலை நீட்டிப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முழக்கணக்கு போடுகிறாள் பாவம் என்று அவர் உள்ளுக்குள் சிரித்தார்.

வழியில் அவள்தான் பேச்சை எடுத்தாள். முப்பத்தாறு என்றால் முப்பது இஞ்ச் வாசலில் எப்படி நுழையும், சின்ன டிரம்மாக மாற்றிக்கொள்ளலாமா என்றாள். அவர் யோசித்தார். மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டார்.

"தம்பி அப்பவே சொன்னான். நம்ம வாசல் குட்டின்னு."

வாய் மூடிக்கொண்டது. அன்று சாயங்காலமே கொத்தனார் வந்துவிட்டார்.

எவ்வளவு இடிக்கணும் என்று கொத்தனார் கேட்டபோது, முப்பத்தெட்டு போதும் என்றார் தையல்காரர். தூக்கி வருகிறவர்கள் கை நசுங்காதா, நாற்பதாக இருக்கட்டும் என்றாள் மனைவி. எவ்வளவு நியாயமான பேச்சு. நாற்பது என்று சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டார்.

கொத்தனார் கோட்டைப் பார்த்தார். "டிரம்முக்கா இவ்வளவு? நான் பார்த்த டிரம்மெல்லாம்..."

"டீ ஆறுது, குடிங்க," என்று மனைவி டம்ளரை அவர் கையில் திணித்தாள். "அவர் அளந்துட்டாருங்க. அவர் அளந்தா சரியாத்தான் இருக்கும்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. தையல்காரர் போட்ட கோட்டையே இன்னொரு தடவை அழுத்திப் போட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் வீடு முழுவதையும் இடித்திருப்பார். நல்லவேளையாகக் கொத்தனார் ஒரு வாசலோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் டிரம் வந்தது. வண்டிக்காரர் அதை ஒற்றை ஆளாகத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து, புது வாசலில் நிறுத்தி, எங்கே வைக்க என்று கேட்டார். தையல்காரர் டிரம்மின் இரண்டு பக்கமும் பார்த்தார். டிரம்முக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் போகலாம். அந்தப் பக்கமும் ஓர் ஆள் போகலாம், கொஞ்சம் ஒல்லியாக இருந்தால்.

அவர் மெதுவாக டேப்பை எடுத்தார். இந்த முறை சுற்றவில்லை. டிரம்மின் வாய் மேல் குறுக்கே வைத்தார். இருபத்துமூன்று. திருப்பிப் போட்டு இன்னொரு தடவை வைத்தார். டேப்புக்கு இரக்கமில்லை. துணி மடியும், டிரம் மடியாது. அது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது.

பழைய வாசலிலேயே வந்திருக்கும். வந்து, இரண்டு பக்கமும் இடம் மிச்சமிருந்திருக்கும்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் அவர்.

"எனக்கு என்னங்க தெரியும். ஒரு முழம், அதுக்கு மேல நாலு விரக்கடை, ஒரு கட்டைவிரல். அத இஞ்சுல எப்படிச் சொல்றதுன்னு நான் படிக்கலையே."

அவர் திருப்பிக் கேட்பதற்குள் ஷட்டர் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. மச்சினன். கூடவே கடையாட்கள். தான்தான் வரச்சொன்னதாக மனைவி சொன்னாள், அடுப்படியில் எதையோ கிளறிக்கொண்டே. அவர்கள் ஃபிரிட்ஜைச் சாய்த்தார்கள், திருப்பினார்கள், தள்ளினார்கள். முப்பத்திரண்டு இஞ்ச் ஃபிரிட்ஜ் நாற்பது இஞ்ச் வாசலுக்குள் மாமியார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை போல் நிமிர்ந்து போனது.

தையல்காரர் காத்திருந்தார். இவ்வளவு நடந்த பிறகாவது அந்த வார்த்தை வரும் என்று நினைத்தார். மச்சினன் கையைத் தட்டித் தூசியை உதறிவிட்டு, வாசலை மறுபடி மேலும் கீழுமாகப் பார்த்தான்.

"இப்பதான் அத்தான் வாசல் வாசல் மாதிரி இருக்கு."

அவன் போய்விட்டான். கூடத்தில் ஃபிரிட்ஜ் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்துச் சதுரமாகக் கிடந்தது. அவர் அங்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எத்தனை வருஷம் கட்டிக் காத்த வழக்கு. சாட்சிக்கு நின்ற சுவரையே தன் கையால் கோடு போட்டு இடித்துவிட்டார்.

நாற்காலியிலிருந்து பார்த்தால் சமையலறை முழுவதும் தெரிந்தது. மனைவி அடுப்பை விட்டு நகரவில்லை. இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, ஃபிரிட்ஜைத் திறந்து, பாலை எடுத்து, கதவை முழங்கையால் சாத்தினாள். ஒரு நடைகூட இல்லை. அதைப் பார்த்தபோது அவருக்கு உள்ளே என்னமோ செய்தது. அது எவ்வளவு என்று அளந்து பார்க்க அவர் விரும்பவில்லை.

வாசலுக்குத் திரை தைக்கணும், வந்து அளவெடுங்க என்று அவள் கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"உன் தம்பி இன்னும் மன்னிப்பு கேக்கல."

"கேப்பான், மன்னிப்பு எங்க போயிடும்," என்றாள் அவள் பாலை ஊற்றிக்கொண்டே. "அதுவரைக்கும் கெட்டா போயிடப்போகுது? இப்போதான் ஃபிரிட்ஜ் கைக்கெட்டுற தூரத்துல இருக்கே."