முன்ரூமுக்காகக் காஷ்மீர் போனேன்

ஆலங்காயத்திலிருந்து காஷ்மீர் வரைக்கும் சைக்கிளில் போவதென்று நான் முடிவெடுத்ததற்குக் காரணம் காஷ்மீர் அல்ல. எங்கள் வூட்டு முன்ரூம்.

நான் கூட்டுறவு சொசைட்டி வேலையிலிருந்து ரிடையரான மறுநாளே என் மனைவி ஜெயசுதா அந்த ரூமை அளவெடுத்துவிட்டாள். மலைச் சாமை, புளி, தேன் என்று வாங்கிப் பின்பக்கம் வைத்து விற்கிறவள் அவள். முன்ரூம் கிடைத்தால் ரோட்டைப் பார்த்த கடையாகிவிடுமாம். ஆனால் அதில்தான் டிவி, சாய்வு நாற்காலி, நான். மூன்றையும் ஒரே வண்டியில் ஏற்றப் பார்த்தாள்.

“நாள் பூரா குந்தினே கீறீங்க. அதுக்கு எதுக்குங்க தனி ரூமு?”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்பத்தைந்தே நாளில் சைக்கிளிலேயே காஷ்மீர் போய், ரயிலில் திரும்புகிறேன் என்றேன். போய் வந்தால் ரூம் எனக்கு. பாதியில் நின்றால் கடை அவளுக்கு. இந்தத் தனசேகரன் வாக்கு தவறமாட்டான்.

அவள் என்னையும் என் தொப்பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சரிங்க” என்றாள். இருபத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னதே கிடையாது. என் உறுதியைக் கண்டு மிரண்டுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

தெருவே மாலை போட்டு அனுப்பியது. எதிர்வூட்டு சாந்தம்மாள் ஆரத்தி எடுத்தாள். வாணியம்பாடி ரோட்டைப் பிடித்திருந்தால் சமதரை. ஆனால் இமயமலைக்கே போகிறவன் ஜவ்வாது மலையைச் சுற்றிக்கொண்டு போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? மலையேறி, அந்தப் பக்கம் கண்ணமங்கலத்தில் இறங்கிவிடுவது என்று சைக்கிளைத் திருப்பினேன். முதல் வளைவில் மூச்சு வாங்கியது. இரண்டாவது வளைவில் இறங்கித் தள்ளினேன். மூன்றாவது வளைவில் சைக்கிளும் நானும் ஒன்றாகப் படுத்துக்கொண்டோம்.

அந்த வழியே வந்த ஷேர் ஜீப்பில் நெல்லிவாசல்நாட்டு ராஜாக்கண்ணு இருந்தான். சொசைட்டி நாளிலிருந்து பழக்கம். சைக்கிளை ஜீப் மேலே கட்டி, என்னை உள்ளே திணித்து, அவன் வூட்டில் கொண்டுபோய் இறக்கினான். காலையில் எழுந்தால் தொடை என்னுடையதாக இல்லை. நல்லவேளையாக மூளை வேலை செய்தது. நாற்பத்தைந்து நாளை எந்த ஊரில் கழித்தால் என்ன, நாற்பத்தைந்துதானே?

ஊருக்கு மேலே ஒரு பாறையில் ஏறினால் டவர் கிடைத்தது. ராஜாக்கண்ணு மகளின் பாடப் புத்தகத்தில் இந்தியப் படம் கிடைத்தது. தினமும் அதில் அரை விரற்கடை வடக்கே நகர்ந்தேன்.

“இன்னிக்கு கோதாவரி தாண்டிட்டேன் ஜெயா.”

“தண்ணி போவுதாங்க?”

“கரை பொரண்டு ஓடுது.”

“பங்குனி வெயில்லயா?”

“வடக்க அப்டித்தான்.”

“அப்டிங்களா. பாத்துப் போங்க.”

பாவம், வெள்ளை மனசு.

அது புளி சீசன். முற்றம் முழுக்கப் புளியம்பழம். ராஜாக்கண்ணு பெண்சாதி செல்லி என் கையில் ஒரு கட்டையைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டாள். ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டை எடுக்க வேண்டும். கீழே யாரோ ஒரு அம்மா புதுசாகக் கடை திறக்கிறதாம், மூட்டை மூட்டையாகக் கேட்கிறதாம். தங்க இடம், தின்ன சாமைச் சோறு கொடுக்கிறவர்களுக்கு மாட்டேன் என்று சொல்லலாமா? தட்டினேன். பதினைந்தாம் நாள் ஒரு மூட்டை ஜீப்பிலேயே திரும்பி வந்தது. நாலைந்து கொட்டை இருந்ததாம், மூட்டை முழுவதையும் மறுபடி பார்க்கச் சொன்னார்களாம். எனக்கு விரல் எல்லாம் எரிந்தது.

“இப்டியும் ஒரு பொம்பளையா? அவ புருஷன் பாவம்மா,” என்றேன்.

செல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கூச்ச சுபாவம்.

நாற்பத்து மூன்றாம் நாள் பாறை மேல் நின்று, காஷ்மீர் வந்துவிட்டேன், ரயில் ஏறப்போகிறேன் என்று அறிவித்தேன்.

“அம்மாந்தூரம் போய்ட்டு ஒடனே திரும்புவாங்களா? இன்னும் பத்து நாள் இருந்து சுத்திப் பாத்துட்டு வாங்க,” என்றாள்.

பாசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஏழு மூட்டைப் பழம் பாக்கி இருந்தது. அதையும் தட்டி முடித்தேன்.

பிறகு வாணியம்பாடி ஸ்டேஷன் வரைக்கும் சுற்றிப் போய், ரயிலில் இறங்கியவன் மாதிரி ஊர் வந்து சேர்ந்தேன். தெருவே திரண்டு மாலை போட்டது. நெஞ்சை நிமிர்த்தி, எல்லார் எதிரிலும், முன்ரூம் எனக்கு என்றேன்.

“ஒங்களுக்குத்தாங்க,” என்று ஜெயா சாவியை நீட்டினாள்.

திறந்தேன். டிவி இல்லை, நாற்காலி இல்லை. தரையிலிருந்து கூரை வரைக்கும் புளி மூட்டை. ஒவ்வொரு மூட்டை வாயிலும் நான் போட்ட முடிச்சு.

ஜெயா என் காதோரம் குனிந்தாள். “மொத நாளே செல்லி போன் பண்ணிட்டா. சொல்லுங்க, இப்பவே காலி பண்றேன். ஆனா மூட்ட தூக்கறவங்க, இம்மாம் சுத்தமா யாரு தட்டினதுன்னு கேப்பாங்க. நான் இன்னாங்க சொல்லட்டும்?”

வாசலில் சாந்தம்மாள், காஷ்மீரில் குளிர் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிதானமாக வெளியே வந்தேன். தேசத்தையே சுற்றி வந்தவனுக்கு ஒரு ரூம் எதற்கு, முழு மனசோடு என் மனைவிக்கே விட்டுத் தருகிறேன் என்று அறிவித்தேன். தெருவே கைதட்டியது.

“அப்டியே அந்த மாலையக் கழட்டிக் குடுங்க,” என்றாள் ஜெயா. “கடைப் பலகைக்குப் போடணும்.”