ஆறு மணித் திருட்டு

நில அளவையருக்கு எதற்கும் ஓர் எல்லை வகுத்தாக வேண்டும். மாடியில் சூரிய மின்தகடுகள் ஏறி, வாசலில் மின்சாரக் கார் வந்து நின்ற அன்றே, ஓர் அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். இஸ்திரிப் பெட்டி, வாஷிங் மெஷின், மிக்ஸி, மோட்டார், மனைவியின் தையல் மிஷின் எல்லாம் பகல் வெயிலில்தான் ஓட வேண்டும். மாலை ஆறுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்துக்குக் கட்டணம் அதிகம். அப்போது விளக்கும் விசிறியும் மட்டுமே.

பள்ளிச் சீருடைகளைத் தைத்து, மூட்டையாகக் கட்டி, பஸ்ஸில் சுமந்துபோய்க் கொடுத்துவந்த மனைவி கார் சாவியைக் கேட்டாள். ஓட்டுநர் உரிமம் வாங்கி நான்கு வருஷமாகச் சும்மாதான் வைத்திருந்தாள்.

"புது வண்டி. முதல்ல நான் பழகிக்கிறேன்" என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் அளவையர்.

ஒரு வாரம் போனது. தினமும் மாலை ஆறேகாலுக்கு அவருடைய செல்போனில், வீட்டின் மின்செலவைக் காட்டும் கோடு கிடுகிடுவென்று ஏறியது. பகலிலோ, மாடியில் விளைந்த மின்சாரம் வீட்டில் பாதிகூடச் செலவாகாமல் தெருக் கம்பிக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரோ விளையாடுகிறார்கள்!

முதல் சந்தேகம் மனைவிமேல். பூனைபோல் நடந்து தையலறைக்குள் புகுந்து இஸ்திரிப் பெட்டியைத் தொட்டார். சில்லென்றிருந்தது.

"என்னங்க, அதுக்குக் காய்ச்சலா?" என்றாள் அவள், துணியை வெட்டியபடியே.

அடுத்த நாள் வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். அதற்கடுத்த நாள் சந்தேகம் மதிலைத் தாண்டியது. பக்கத்து வீட்டு டீச்சர் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருந்தார்.

"அண்ணே, எங்க செம்பருத்திக்குள்ள என்ன தேடுறீங்க?"

"ஒயர் ஏதாச்சும் இந்தப் பக்கம் வருதான்னு…"

"மண்புழுதான் வரும். எடுத்துக்கோங்க!"

சிரிப்புச் சத்தம் கேட்டு மனைவியும் வாசலுக்கு வந்தாள். அளவையருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போனை உயர்த்திக் காட்டினார். கோடு உச்சியில் நின்றது.

"டீச்சரம்மா, நீங்களே சாட்சி. இந்த நிமிஷம் யாரோ கரண்டை உறிஞ்சுறாங்க. அது யாருன்னு தெரிஞ்சா, இந்த வீட்டுல அவங்க பேச்சு இனிமே எடுபடாது!"

"யாரா இருந்தாலுமா?" என்றாள் மனைவி.

"யாரா இருந்தாலும்!"

"அப்ப அட்டவணையை வேற ஆளு எழுதலாம்?"

"தாராளமா!"

அவள் நிதானமாகப் படியிறங்கிக் கார் அருகே போனாள். அவர் தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கும் முன்னால், பக்தியோடு காரில் செருகும் சார்ஜர் ஒயரைப் பிடுங்கினாள். செல்போனில் கோடு தொப்பென்று விழுந்தது.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அட்டவணையில் எழுதியிருந்தவை அத்தனையும் மனைவியின் கை படும் சாமான்கள் என்பதும், தன் கை படும் ஒரே சாமானை எழுதவே மறந்தோம் என்பதும் அளவையருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏங்க, வெயில் அடிக்கிறப்ப வண்டி எங்க நிக்குது?"

"ஆபீஸ்ல, மரத்தடியில."

"தகடு?"

"நம்ம மாடியில."

"அப்ப பகல்ல வண்டி எங்க நிக்கணும்?"

அளவையர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். சாவியை நீட்டினார்.

மறுநாள் காலை அவர் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, பின்சீட்டு நிறையச் சீருடை மூட்டைகளுடன் கார் வந்து நின்றது. முன்சீட்டு காலி. மனம் இளகிவிட்டாள் என்று பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார். கண்ணாடி பாதி இறங்கியது.

"புது அட்டவணையில ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். சாயங்காலம் வர்றப்ப உங்க செல்போனை ஆபீஸ்லயே சார்ஜ் போட்டுட்டு வந்துடுங்க" என்றாள், வண்டியைக் கிளப்பியபடி.