ஸ்டோன்பீல்ட் தோட்டத்தில் கேள்வியும் நிரம்பலும்

கீழ் டிவிஷன்,
ஸ்டோன்பீல்ட் தோட்டம்,
எல்ல.
24.08.2003

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் ராஜரெத்தினம் அவர்களுக்கு,

வீரய்யா எழுதிக்கொள்வது. வெள்ளவத்தையில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் கடல் காற்று வாங்கிக்கொண்டு நல்ல சுகத்தோடு இருக்க எங்கள் தோட்டத்து மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உங்கள் அக்கா கருப்பம்மாவின் முழங்காலையும் என்னுடைய மானத்தையும் தவிர மற்றதெல்லாம் சுகம். முழங்காலுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் களிம்பு தந்தார்கள். மானத்துக்கு அங்கே ஒன்றும் இல்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

மகள் விஜயலெட்சுமிக்கு உங்கள் முதலாளியின் புடவைக்கடையில் வேலை பார்த்துவைத்திருப்பதாகவும், மாத முடிவுக்குள் பதில் சொல்லும்படியும் எழுதியிருந்தீர்கள். நான் பதில் போடாமல் இருந்தது மரியாதைக்குறைவால் இல்லை மச்சான், ஆசையால். நான் துரை பங்களாவில் ஆயுசு முழுக்க அப்புவாக இருந்து சமைத்துப் போட்டவன் என்பதும், வந்த துரைமாரெல்லாம் என் கட்லட்டுக்கு மயங்கியவர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்கவில்லை. சண்டை நின்றதிலிருந்து எல்லவில் வெள்ளைக்காரர் நடமாட்டம் அதிகம், நாமும் வீட்டோடு ஒரு ரூம் கட்டி வாடகைக்கு விடலாம் அப்பா என்று விஜயாதான் சொன்னாள். கட்டினோம். வெஸ்டர்ன் கக்கூஸ் வைத்தோம். ‘மலைக்காட்சி’ என்று மூன்று பாஷையிலும் போர்டு எழுதினாள் பிள்ளை. போர்டு மாட்டிய அன்றைக்கு மூடிய பனி, மலையை மட்டுமில்லாமல் போர்டையும் சேர்த்து மூடிவிட்டது. அதற்குப் பிறகு வந்த விருந்தாளி ஒரே ஒருவர்தான். அவரும் ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போக வழி தப்பி வந்து, கக்கூஸைப் பாவித்துவிட்டு, “வெரி நைஸ்” என்று சொல்லிப் போனவர். அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே உங்கள் அக்கா ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் போன புதன்கிழமை பெரட்டில், அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், கங்காணி ஒரு அறிவித்தலை வாசித்தார். ஓய்வு பெற்றவனுக்குப் பெரட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், செய்தி எல்லாம் அங்கேதான் கிடைக்கும். “எதிர்வரும் வியாழக்கிழமை பதுளையிலிருந்து வரும் உத்தியோகத்தர் இப்பிரதேச சுற்றுலாத்துறையின் கேள்வி, நிரம்பல் என்பவற்றை மதிப்பீடு செய்வார்” என்று அதில் இருந்தது, அதாவது மறுநாளே. மதிப்பீட்டில் நம்ம வீடு சேர்ந்தால் எல்ல ஸ்டேஷனில் பேர் போடுவார்களாம், விருந்தாளிகளை அனுப்புவார்களாம். நானும் விஜயாவும் அப்போதே ஒரு முடிவுக்கு வந்தோம். வீடு சேர்ந்தால் அவள் இங்கேயே இருந்து ரூமை நடத்துவாள். சேராவிட்டால் கொழும்புக்கு உங்கள் கடைக்கு வருவாள். அவள் தலையணை உறை வாங்கப் பதுளைக்குப் போனாள், அங்கே சித்தி வீட்டில் தங்கி வியாழன் மத்தியானம்தான் வருவாள். அவள் வருவதற்குள் நானே எல்லாவற்றையும் தயார் பண்ணிக் காட்டவேண்டும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

அறிவித்தலை நான் என் மூளையால் பிரித்துப் பார்த்தேன். கேள்வி என்றால் கேள்விதான், அதிகாரி கேட்பார், நாம் பதில் சொல்லவேண்டும். நிரம்பல் என்றால் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், ரூம் காலியாகக் கிடந்தால் மார்க் குறைப்பார்கள். உங்கள் அக்காகூட, “அப்ப யாரையாச்சும் கூட்டிட்டு வந்து உக்கார வைங்க” என்று சொன்னாள், இப்போது சொல்லவே இல்லை என்கிறாள். உடனே நான் பாலம், அருவி, ரயில் பாதை என்று எல்லாவற்றின் சரித்திரத்தையும் பாடமாக்கினேன், தலைக்கு டை அடித்தேன். ரூமை நிரப்ப மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ரெங்கம்மாவிடம் போனேன். ரெங்கம்மாவைத் தெரியும்தானே, கோயில் திருவிழாவில் உங்களிடம் வம்புக்கு வந்தாளே, அவள்தான். கூப்பிட்டதும் வந்துவிட்டாள். மகள், மருமகன், பேரப் பிள்ளைகள், மருமகனின் தம்பி என்று தீபாவளி உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு பெரட்டே வந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வியாழன் காலையில் ஒரு மிஸ் வந்தார். பெயர் நிவேதிகா, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, விஜயாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருக்கும். “எல்லாரும் என்னய அப்புன்னுதான் கூப்பிடுவாங்க மிஸ்” என்று அறிமுகம் செய்தேன். “சரி அப்பு” என்று அவரும் மரியாதையாகச் சொன்னார். அடடா, என் உத்தியோகத்தைப் புரிந்துகொண்டாரே என்று பூரித்துப் போனேன். யாழ்ப்பாணத்தில் அப்பு என்றால் தாத்தா என்று பிறகுதான் தெரியவந்தது. டை அடித்தது வீண் மச்சான்.

“உங்கட பக்கம் கேள்வி எப்பிடி அப்பு?” என்று ஆரம்பித்தார்.

“கேளுங்க மிஸ், நான் ரெடி” என்றேன்.

“இல்லை, கேள்வி எப்பிடி இருக்கு?”

“நீங்க கேட்டாத்தானே மிஸ் எப்படி இருக்குன்னு சொல்லலாம்.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, சீசனில கேள்வி கூடுறதோ?” என்றார்.

“கூடினா கூடட்டும் மிஸ், எத்தன கேள்வி வந்தாலும் பதில் இருக்கு” என்று சொல்லி, அவர் கேட்காமலே ஒன்பது வளைவுப் பாலத்தில் ஆரம்பித்து ராவணா அருவி வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். பாவம், நடுவில் நிறுத்தத் தெரியாமல் அந்தப் பிள்ளை நின்றுகொண்டே தேத்தண்ணியைக் குடித்து முடித்தது. பிறகு மெதுவாக, “நிரம்பலைப் பாப்பமோ?” என்றார். இதற்குத்தானே காத்திருந்தேன், ரூம் கதவைத் தள்ளித் திறந்துவிட்டேன்.

கட்டிலில் ஐந்து பேர், தரையில் மீதிப் பேர். கடைசிப் பேரன் வெஸ்டர்ன் கக்கூஸ் மூடியின் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து கும்பிட்டார்கள். “இவை ஆர்?” என்றார் மிஸ். “சுற்றுலாப் பயணிங்க” என்றேன். “எங்கயிருந்து வந்தவை?” என்று அவர் கேட்க, நான் கண்டி என்று வாயெடுப்பதற்குள் ரெங்கம்மா, “மேல் லயத்துல இருந்துங்க மிஸ், நடந்தே வந்துட்டோம்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். பொய் சொல்லத் தெரியாதவளை நான் கூட்டிவந்திருக்கக் கூடாது.

இதோடு போயிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். அந்த நேரம் பார்த்து வாசலில் திரீவீலர் சத்தம். எல்ல டவுனில் ஓட்டுகிற நம்ம இப்றாஹீம் இறங்கி ஓடிவந்து, “அப்பு, டவுன்ல எல்லா ரூமும் புல். ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்திருக்கேன், நாலஞ்சு நாள் தங்குவாங்களாம்” என்கிறான். பின்னால் பார்த்தால் ஒரு வெள்ளைக்காரரும் ஒரு வெள்ளைக்காரம்மாவும், முதுகில் ஆளுயரப் பை. எத்தனை மாதமாக மாரியம்மனிடம் கேட்டேனோ அதே வெள்ளைக்காரர்கள்! நான் என்ன செய்வேன்? அதிகாரி முன்னால் சுற்றுலாப் பயணி என்று சொன்னவர்களை எப்படி எழுப்பி வெளியே விரட்டுவது? பங்களாவில் பேசிய இங்கிலீஷையெல்லாம் திரட்டி, “நோ ரூம் சேர், ரூம் புல் சேர், வெரி சாரி சேர்” என்றேன். அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ரெங்கம்மா குடும்பத்தைப் போட்டோ வேறு எடுத்தார். எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள், கக்கூஸ் மூடியில் இருந்தவன் உட்பட. திரீவீலர் திரும்பிப் போய்விட்டது.

மிஸ் எல்லாவற்றையும் பார்த்தார், எதையோ எழுதினார், புறப்படும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “நிரம்பல் காணாது அப்பு.” எனக்கு எப்படி இருக்கும்? இத்தனை பேரை அடைத்தும் நிரம்பல் போதாதாமே! இதற்கு மேல் நிரப்புவதென்றால் கூரையைப் பிரித்துத்தான் ஆள் இறக்கவேண்டும் என்று அவர் போன பிறகு கத்தினேன். ரெங்கம்மாவைக் காணோம், திரீவீலர் திரும்பும்போதே குசினிப் பக்கமாக நழுவிவிட்டாள்.

மத்தியானம் விஜயா புதுத் தலையணை உறைகளோடு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள், சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தாள், பிறகு சிரிக்கவில்லை. “அப்பா, கேள்வின்னா வேணும்னு தேடி வர்றவங்க. நிரம்பல்னா குடுக்கிறதுக்கு நம்மகிட்ட இருக்கிறது. பொருளியல்ல முதல் பாடமே அதுதான்பா” என்றாள். உயர்தரம் படித்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என் மூளையைப் பாவித்திருக்கிறேன். வாசலுக்கு வந்த கேள்வியை, என் கையாலேயே நிரப்பித் துரத்திவிட்டேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் சுற்றுலா என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, வெட்கத்தில் நான் வெளியே தலைகாட்டவில்லை. பெரட்டுக்குக்கூடப் போகவில்லை. உங்கள் அக்கா என்னோடு பேசுவதில்லை.

ஆகவே மச்சான், பேசிவைத்தபடி விஜயா வருகிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ‘பொடி மெனிக்கே’ ரயிலில் ஏற்றிவிடுகிறேன், கோட்டை ஸ்டேஷனுக்கு நீங்களே வந்து கூட்டிப்போகவேண்டும். மூன்று நாளாகப் பிள்ளை பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். புது பெட்ஷீட்டையும் தலையணை உறைகளையும்கூட மடித்து எடுத்துவைத்தாள். ரூமுக்கென்று ஆசையாக வாங்கியதை அங்கேயாவது பாவிக்கட்டும் என்று நான் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு உறைப்புக் கூடினால் வயிறு ஒத்துக்காது. கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கும், தங்கச்சியைக் கொஞ்சம் பார்த்துக்கச் சொல்லுங்க. இது வரைக்கும் அவளைப் பிரிந்து நான் இருந்ததே இல்லை மச்சான். போர்டைக் கழற்றலாமென்று ஏணி வைத்து ஏறினேன், கை வரவில்லை, இறங்கிவிட்டேன்.

திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்து பத்து நாள் தங்குவதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாக வாருங்கள். மலைக்காட்சி ரூம் சும்மாதான் கிடக்கிறது, நீங்களாவது அதில் படுத்து எழும்புங்கள். தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகள் நன்றாகப் படித்து, சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவர்களாக வளர ஆசீர்வாதம். மாரியம்மன் எல்லாரையும் காப்பாள்.

இப்படிக்கு,
மானம் போன உங்கள் மச்சான்,
க. வீரய்யா

பின்குறிப்பு: இன்றைக்குத் திங்கட்கிழமை. தபாலில் போடக் கிளம்பும்போது ரெங்கம்மா வாசலில் வந்து நின்றாள். “அண்ணே, வெள்ளக்காரம்மா ஒங்க கக்கூஸ ஒருக்காப் பாவிக்கலாமான்னு கேக்குறாங்க” என்றாள். எந்த வெள்ளைக்காரம்மா என்றேன். அதே அம்மாதான் மச்சான்! வியாழக்கிழமை நழுவியவள் தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதையில் ஓடி, வளைவில் திரீவீலரை மறித்து, தன்னால்தானே இடமில்லாமல் போச்சு என்று இரண்டு பேரையும் தன் லயத்துக்கே கூட்டிப்போய்விட்டாள். அன்றிலிருந்து அங்கேதான் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள், கக்கூஸ் ஒன்றுதான் குறையாம். தோட்டமே அறிந்த இந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாது. உங்கள் அக்காவுக்கு முதல் நாளே தெரியும், என்னோடு பேசுவதில்லை என்பதால் சொல்லவில்லையாம். விஜயா மடித்து எடுத்த பெட்ஷீட்டும் உறைகளும் ரெங்கம்மா வீட்டுக்குப் போயிருக்கின்றன. ஏன் சொல்லவில்லை என்று பிள்ளையைக் கேட்டால், “நீங்கதானேப்பா அந்தப் பேச்ச எடுக்கக்கூடாதுன்னீங்க” என்கிறாள். கொஞ்ச நேரத்தில் நிவேதிகா மிஸ்ஸும் மறுபடி வந்தார். “உங்கட பக்கம் கேள்வி நிறைய இருக்கு, நிரம்பல்தான் காணாது. நான் கண்ணாலயே கண்டனான் அப்பு” என்று சொல்லி, நம்ம வீட்டோடு ரெங்கம்மா வீட்டையும் இன்னும் சில வீடுகளையும் பட்டியலில் சேர்த்து, எல்லாவற்றுக்கும் விஜயாவையே பொறுப்பாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்குப் போகவேண்டாம், பிள்ளை வரவில்லை. முதலாளியிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். வெள்ளைக்காரர்கள் இன்றைக்கே நம்ம ரூமுக்கு மாறுகிறார்கள், அவர்களுடைய கூட்டாளிகளும் வருகிறார்களாம். அதனால் திருவிழாவுக்கு வருவதைப் பற்றி மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். தப்பாக நினைக்கக் கூடாது மச்சான், உங்கள் மேல் எங்களுக்குக் கேள்வி நிறைய இருக்கிறது, நிரம்பல்தான் இல்லை.