மூன்று மாடிக்கு மேல் போகாத மின்தூக்கி

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது.

இங்கே மாப்பிள்ளையும் உன் மகளும் நலம். நானும் நலம், என் வலது முழங்கால் மட்டும் இந்த வாக்கியத்தில் சேராது. உன் பயிற்சி வகுப்பு தடையில்லாமல் நடக்கட்டும்.

வரும் சனிக்கிழமையோடு என்னைக் குழந்தை பார்க்கும் பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். காரணம் வருமாறு. இரண்டரை வயதாகியும் ஒரு சொல் பேசாத பிள்ளையைப் பற்றி டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும்: “காது நல்லா இருக்கு. கூட உக்காந்து விளையாடுங்க, அவ போற வழியில போங்க, பேசிக்கிட்டே இருங்க. மாசக் கடைசில பாப்போம்.” நானும் அறிவை வளர்க்கும் பொம்மைகளாகப் பார்த்து வாங்கிவந்தேன். அவள் அவற்றை ஓரங்கட்டிவிட்டு, துணி துவைக்கும் இயந்திரம் வந்த அட்டைப்பெட்டிக்குள் ஏறி நின்றுகொண்டு, என் சட்டையின் மேல் பொத்தானை ஒரு விரலால் அழுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். லிஃப்ட்! முப்பத்தோரு வருடம் லிஃப்ட் சோதனை அதிகாரியாக இருந்தவனுக்கு இதுகூடவா புரியாது? உடனே சோதித்தேன். கதவில்லை, அபாய மணியில்லை, எத்தனை பேரைத் தாங்கும் என்ற குறிப்பில்லை. ‘பயன்படுத்தக் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் முகத்தைப் படித்துவிட்டாள். அன்று முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மாலையில் வந்த மாப்பிள்ளை, “என்ன மச்சான், பெட்டிக்கு சீல் வச்சுட்டீங்களா? அவ பின்னாடி போகச் சொன்னா, குறுக்க நிக்கிறீங்களே!” என்றார். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் தாளைக் கிழித்தேன், கதவு வெட்டினேன், நானே உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். “எந்த மாடிம்மா?” என்பேன், பொத்தானை அழுத்துவாள். முதல் மாடி பல் டாக்டர், இரண்டாம் மாடி தையல்காரர் என்று தொண்டை வறள அறிவித்துக்கொண்டே போனேன். மூன்றாம் மாடியில் என் கால் மரத்துப்போச்சு, எழுந்திருக்கப் பார்த்தேன், அடிப்பக்கம் பிஞ்சு பெட்டி இடுப்போட மாட்டிக்கிச்சு, அந்த நேரம் பார்த்தா கதவைத் தட்டணும் பக்கத்து வீட்டம்மா? பெட்டியோடயே போய்த் திறந்தேன். “நான் அப்புறம் வர்றேங்க” என்று போனவர் இன்னும் வரவில்லை. திரும்பும்போது வாசற்படி தடுக்கி, பெட்டி நாலாகக் கிழிந்தது. என் பணிக்காலத்தில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை, இதுதான் முதல். பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு சொல் வரவில்லை. எனக்கு இது கைவராது தங்கச்சி. பிள்ளையின் மாதக் கடைசியை என்னை நம்பி விடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். வகுப்பில் தூங்காதே. எல்லா நலமும் உனக்குக் கூடிவர வாழ்த்தும்,
அண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது வந்து பொத்தானை அழுத்தினாள். விலகிவிட்டவன் என்பதால் சும்மா இருந்தேன். மறுபடி அழுத்தினாள். பிறகு, கடையை எப்போது திறப்பீர்கள் என்று கேட்கிற தோரணையில், “போலாம்” என்றாள். தெளிவாக. இரண்டு முறை. எனவே கடிதத்தில் உள்ள எதையும் பொருட்படுத்தாதே. பயிற்சியை இன்னும் ஒரு வாரம் நீட்டிக்க முடியுமா என்று கேட்டுப்பார். கிழிந்த அட்டையை விரித்து இருவரும் அதன்மேல் நிற்கிறோம். எத்தனை பேரைத் தாங்கும் என்று நான் கேட்கவில்லை. ஏழாவது மாடி தாண்டியாயிற்று.