வருடாந்தப் பத்திரமும் களனி ஆறும்

கம்பனி தொடங்குவது சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். தொடங்கிய பிறகு, அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று வருஷா வருஷம் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

எஹலியகொடவில் நானும் என் மனைவி பிலோமினாவும் மிளகாய்த்தூள் அரைத்து, பாக்கெட் போட்டு, தோட்டத்துக் கடைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தோம். அப்படியே விற்றுக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு 'பிரைவேட் லிமிட்டட்' ஆசை வந்தது. விசிட்டிங் கார்டில் என் பெயருக்குக் கீழே 'டிரெக்டர்' என்று போட வேண்டும், அவ்வளவுதான். (ரப்பர் மலையில் பால் வெட்டிய என் அப்பா, கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கதாநாயகி யாருடா?" என்று கேட்டார்.) மாமனார் மெஷின் வாங்கிக் கொடுத்தார். பதிலுக்குத் தன் மகன் அன்டனையும் டிரெக்டராகப் போடச் சொன்னார். அன்டன் கித்துல்கலவில் வெளிநாட்டுக்காரர்களை ரப்பர் படகில் ஏற்றி களனி ஆற்றில் கூட்டிக்கொண்டு போகிறவன். மிளகாய்ப் பக்கமே வரமாட்டான்.

முதல் வருஷப் பத்திரத்தை எப்படியோ கொடுத்துவிட்டோம். இரண்டாம் வருஷம் மறந்தே போனது. அந்த நேரம் பார்த்து, கொழும்பு சுப்பர்மார்க்கெட் ஒன்று எங்கள் தூளை எடுக்கச் சம்மதித்தது, கம்பனிப் பத்திரங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தால். அதற்குக் கடைசி நாள் அன்றைக்குத்தான் என்று அன்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது. அவிசாவளையில் எங்கள் கம்பனிக் கணக்குகளைப் பார்க்கும் குமாரி மிஸ்ஸுக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றபடி போன் போட்டேன். சிங்களத்தில் ஏதோ விளக்கமாகச் சொன்னார். பக்கத்தில் பஸ் ஒன்று ஹார்ன் அடித்தது. வைத்துவிட்டேன்.

"ரெண்டு டிரெக்டரும் கையெழுத்துப் போடணுமாம். நாலு மணிக்குள்ள கொண்டு போகணும்" என்றேன், வீட்டுக்கு ஓடிவந்து பிலோமினாவிடம்.

"சரியாக் கேட்டீங்களா?"

"எனக்கா சிங்களம் தெரியாது?"

அன்டனுக்கு அடித்தேன். போன் செத்திருந்தது. (ஆற்றில் இறங்குகிறவர்கள் போனை அணைத்துக் கரையில் வைத்துவிடுவார்கள்.) மழை தூறியது. குமாரி மிஸ் எப்போதோ கொடுத்திருந்த பத்திரம் நனையாமலிருக்க, கைக்குக் கிடைத்த எங்கள் கம்பனி மிளகாய்த்தூள் பை ஒன்றில் போட்டு, சட்டைக்குள் செருகிக்கொண்டு பைக்கை முறுக்கினேன். ஆபீசுக்குப் போகிற நாள் என்று டை வேறு கட்டியிருந்தேன்.

கித்துல்கல போய்ச் சேர்ந்தபோது அன்டனின் படகு அப்போதுதான் புறப்பட்டிருந்தது. படகு மனேஜர் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"பின்னால போற படகில ஒரு இடம் இருக்கு. நீந்தத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

எனக்குக் குளத்தில் கால் நனைக்கவே பயம். ஆற்றோரமாகவே ரோடு போகிறது. பைக்கில் போய், படகு கரையேறும் இடத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். அந்த யோசனை எனக்கு மறுநாள்தான் வந்தது.

லைஃப் ஜாக்கெட், ஹெல்மட், டை. படகில் இருந்த நான்கு வெளிநாட்டுப் பெண்கள் என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். முதல் சுழிப்பு வந்ததும் வழிகாட்டி கத்தினான். எல்லோரும் துடுப்புப் போட்டார்கள். நான் இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்தோனியாரைக் கூப்பிட்டேன். தண்ணீர் சட்டைக்குள் புகுந்தது. அப்போதுதான் நெஞ்சு எரிய ஆரம்பித்தது. மாரடைப்பு என்றே நினைத்தேன். பை புதுப் பை அல்ல. அடியில் தூள் இருந்திருக்கிறது.

எரிச்சல் தாங்காமல் எழுந்து நின்றேன். ஓடும் படகில் எழுந்து நிற்கக் கூடாதாம். அடுத்த நிமிஷம் ஆறு தலைக்கு மேலே இருந்தது.

தண்ணீருக்குள் எனக்குப் பிலோமினா ஞாபகம் வரவில்லை, பிள்ளை ஞாபகம் வரவில்லை. டிரெக்டர் செத்துப்போனால் அதற்கும் தனியாக ஒரு பத்திரம் கொடுக்க வேண்டுமோ, அதற்குக் கடைசி நாள் எது என்றுதான் யோசித்தேன்.

யாரோ ஜாக்கெட்டைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார்கள். கீழே ஒரு பெரிய கல்லோரம் படகை நிறுத்தியிருந்த அன்டன்.

"அத்தான்! நீங்க எப்படி இங்க?"

"கையெழுத்துப் போடு."

"மொதல்ல மூச்சு விடுங்க அத்தான்!"

கல்லின்மேல் படுத்தபடி பையைப் பிரித்தேன். பத்திரத்தை வாங்கிய ஈரக் கையால் அவன் தன் கண்ணைத் துடைத்தான். பிறகு அவனும் கத்தினான். உதவிக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவரும் கத்தினார். என் பேனா ஆற்றோடு போய்விட்டது. கரையில் இளநீர் விற்ற அம்மாளிடம் பேனா வாங்கி, கண்ணைத் திறக்க முடியாமல், கண்ணீரோடு கையெழுத்துப் போட்டான் என் சக டிரெக்டர். அவ்வளவு உருக்கமாக எந்தக் கம்பனிப் பத்திரத்திலும் யாரும் கையெழுத்திட்டிருக்க மாட்டார்கள்.

அவிசாவளை ஆபீஸ் மூடுவதற்குச் சற்று முன்னால் உள்ளே ஓடினேன். சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போட்டது. குமாரி மிஸ் சிவந்து ஊறிய பத்திரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். தும்மினார். அடக்க முடியாமல் மறுபடி தும்மினார்.

"மாத்தயா, ஏன் ரெண்டு பேர் கையெழுத்து?"

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க, 'தென்னகே அத்சன'ன்னு!"

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "நான் சொன்னது 'தென்னகென் எக்கெனெக்கே'."

சிங்களத்தில் 'தென்னகே அத்சன' என்றால் இருவருடைய கையெழுத்து. 'தென்னகென் எக்கெனெக்கே' என்றால் இருவரில் யாராவது ஒருவருடையது. நடுவிலிருந்த மிச்சத்தைப் பஸ் ஹார்ன் விழுங்கியிருக்கிறது. அந்த ஒருவர் நானாகவே இருந்திருக்கலாம். காலையில் வீட்டு மேசையில், காய்ந்த உடுப்போடு.

புதுப் பத்திரம் ஒன்றை அச்செடுத்து நீட்டினார். போட்டேன். முடிந்தது. பிலோமினா அன்றிரவு என் நெஞ்சில் தயிர் தடவினாள். கட்டில் அவள் சிரிப்பில் ஆடிக்கொண்டிருந்தது.

சுப்பர்மார்க்கெட் எங்கள் தூளை எடுத்தது. இன்றைக்கும் எடுக்கிறது. பத்திரம் கொடுக்கும் மாதம் வந்தால் மாமனார் வீட்டிலிருந்து போன் வரும்: "மாப்பிள்ள, இந்த வருஷம் ஆத்துல தண்ணி எப்படி?"

அதைக்கூடத் தாங்கலாம். போன மாதம் கோயில் ஆட்களோடு கித்துல்கலவுக்குச் சுற்றுலா போனோம். (நான் கரையில்தான் நின்றேன்.) என்னைத் தெரியாத புது வழிகாட்டி ஒருவன் அந்தப் பெரிய கல்லைக் காட்டி எங்களுக்குச் சொன்னான்:

"இதுதாங்க டிரெக்டர் கல்லு. ஒரு பெரிய கம்பனி டிரெக்டர் இந்த எடத்துலதான் ஆத்தோட போனாரு."

பிலோமினா முகத்தை மாற்றாமல் கேட்டாள்: "ஐயோ பாவம், காப்பாத்தலையா?"

"இல்லீங்க. பேப்பர மட்டுந்தான் காப்பாத்துனாங்களாம்."