நாரைக்குப் பின்னால் இருந்த கமோடு

மதுராந்தகம்
செப்டம்பர் 23

அன்புக்குரிய மருமகன் தமீம் அவர்களுக்கு, மாமா சௌகத் அலி எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் மாமியும், தெருவுக்குப் பின்னால் இருக்கும் தாங்கல் ஏரியின் நாற்றமும் சுகம். கேளம்பாக்கத்தில் நீங்களும் ஷாஜாதியும் அவள் வயிற்றில் இருக்கும் சின்னவரும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் எனக்குக் குரல் தானாக ஏறிவிடும், மருமகனிடம் குரல் ஏறக் கூடாது என்று உங்கள் மாமி பேனாவைக் கையில் திணித்துவிட்டு, எழுதுவதை எட்டிப் பார்த்தபடி பின்னாலேயே நிற்கிறாள். ஆகவே இதில் காணும் மரியாதை அவள் நிற்கும் வரைக்கும்தான்.

விஷயம் அந்த நாரைப் படம். நீங்கள் பெருநாளைக்கு வாங்கிக் கொடுத்த கேமராவில் ஒரு குறையும் இல்லை. தாங்கலில் கோழிக்கடைக் கழிவையும் வீடு இடித்த மண்ணையும் ஊரே கொண்டுவந்து கொட்டுவதைப் பற்றி ஒன்றரை வருடத்தில் ஏழு மனு கொடுத்தேன், ஏழுக்கும் ஆவன செய்யப்படும் என்று பதில் வந்தது உங்களுக்கே தெரியும். ஐப்பசியில் ஷாஜாதி தலைப்பிரசவத்துக்கு இங்கே வர வேண்டும், பிறக்கிற பிள்ளை முதல் மூச்சிலேயே கோழிக் குடலையா மோந்து பார்க்கும், அந்தக் கவலையில் எட்டாவது மனுவோடு ஒரு படமும் வைக்கலாம் என்று காலையில் கரையில் போய் உட்கார்ந்தேன். வெறும் குப்பையை எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று யோசிக்கும்போதே ஒரு மஞ்சள் மூக்கு நாரை வந்து குப்பை மேட்டுக்கு முன்னால் ஒற்றைக் காலில் நின்றது. பின்னால் உடைந்த கமோடு, கிழிந்த மெத்தை, நீல பிளாஸ்டிக் மூட்டைகள். அல்லாஹ்வே அனுப்பியது என்று நினைத்து அமுக்கிவிட்டேன். உங்களுக்கு அதை அனுப்பி, நன்றாகத் தெரிகிற மாதிரி பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். எது தெரிய வேண்டும் என்று எழுதாதது என் தப்பு. இந்த வரி மாமி சொல்லி எழுதியது.

உங்கள் கவர் திங்கட்கிழமை காலை நான் செங்கல்பட்டுக்கு மனு கொடுக்கக் கிளம்பும்போது வந்தது. மருமகன் அனுப்பியதை நின்றுகொண்டே கிழிப்பது மரியாதை இல்லை என்பது உங்கள் மாமியின் சட்டம். உட்காரவோ நேரம் இல்லை, பஸ் போய்விடும். அதனால் ஒட்டியது ஒட்டியபடியே மனுவோடு சேர்த்து நூல் கட்டிக் கொடுத்துவிட்டேன். மனு வாங்கும் காயத்ரி மேடம் கவரைப் பிரித்தார். நாரை இருந்தது. கமோடைக் காணோம். அது இருந்த இடத்தில் மூன்று தாமரை. மெத்தை இருந்த இடத்தில் பனிமூட்டம். அதற்கும் பின்னால் ஒரு பச்சை. முப்பத்தொரு வருடம் பெயிண்ட் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன், அந்தப் பச்சை இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

"ஐயா, இதுல குறை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"அந்தத் தாமரைக்கு அடியில பாருங்க மேடம், கமோடு கீது."

"தாமரைக்கு அடியில சேறுதான் ஐயா இருக்கும்," என்றார் பொறுமையாக.

அதோடு விட்டதா? என் மனுவின் கடைசி வரி, 'தாங்கலின் இன்றைய நிலை இணைப்புப் படத்தில் கண்டவாறே உள்ளது என உறுதி கூறுகிறேன்' என்பது. கீழே என் கையெழுத்து. அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு, இடம் தூய்மையாக இருப்பதால் மனு முடித்துவைக்கப்படுகிறது என்று எழுதிவிட்டு, படத்தைத் தன் போனில் எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டுவிட்டார். அது எங்கெங்கோ சுற்றி, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு கார்கள் வந்து நின்றன. இறங்கியவர்கள் கையிலெல்லாம் முழ நீள லென்ஸ். எங்கே தாமரை என்று அவர்கள் கோழிக்கடை முனிசாமியையே கேட்க, அவன் நேராக என்னிடம் வந்துவிட்டான்.

"இன்னா பாய், தாமரயாமே? தெனம் நான்தான் அங்க குடலு கொட்டிகினு கீறேன், எனக்கே தெரியாம எப்பப் பூத்துச்சு?"

வந்தவர்களில் விஷாகா என்று ஒரு பெண். குப்பையோடு சேர்த்து எடுத்து நாலு பேருக்குக் காட்டம்மா என்று கெஞ்சினேன். "நாரை சூப்பர் அங்கிள். பின்னாடி கீறதையெல்லாம் வீட்ல போய் அழிச்சிக்கலாம்," என்றாள். மற்ற ஐந்து காரும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனது. இத்தனை பேர் விரலால் அழித்த கமோடு, நான் மறுநாள் போய்ப் பார்த்தபோது அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

எனக்கு வருத்தம்தான் மருமகனே, மறைக்கவில்லை. மாமி அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள், ஆகவே சொல்லிவிடுகிறேன்: உங்களை யார் அழிக்கச் சொன்னது? ஒன்பதாவது மனுவுக்கு எனக்கு அசல் படம் வேண்டும். என்னிடம் இருந்ததை, நல்லதுதான் வந்துவிட்டதே என்று உங்கள் மாமி அழித்துவிட்டாள். கமோடு, மெத்தை, மூட்டை எதுவும் குறையாமல் அனுப்புங்கள். தாங்கல் சுத்தமாகும் வரை ஷாஜாதியை இங்கே அழைத்து வர வேண்டாம். பெற்ற மகளை வராதே என்று நானே எழுத வேண்டியிருக்கிறது. இனி நான் எடுக்கும் எந்தப் படத்திலும் நீங்கள் கை வைக்கக் கூடாது.

மாமி வந்துவிட்டாள். உங்கள் வாப்பா, உம்மாவுக்கு எங்கள் சலாம். ஷாஜாதியை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். தாயையும் பிள்ளையையும் ஆண்டவன் நல்லபடியாக வைக்கட்டும்.

துஆவுடன்,
மாமா சௌகத் அலி

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் மூன்று லாரியும் ஒரு ஜேசிபியும் வந்தன. பெரிய அதிகாரி ஒருவர் வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு தாமரை பார்க்க வருகிறாராம். காயத்ரி மேடமே கரையில் நின்று, உங்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக ஒத்துப் பார்க்கிறார். கமோடு போய்விட்டது. தொட்டி தொட்டியாகத் தாமரை இறங்குகிறது. ஆகவே மேலே எழுதியதில் சலாமைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். அசல் படம் யார் கண்ணிலும் படாமல் அழித்துவிடுங்கள். ஷாஜாதியை இந்த வாரமே அழைத்து வாருங்கள். இங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் பதினேழு குழிகள் இருக்கின்றன. நாளைக் காலையே படம் எடுத்து அனுப்புகிறேன். ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் அழித்துக் கொடுங்கள். ஓரத்தில் அந்த நாரையை நிறுத்தினால் இன்னும் நல்லது.